ஆல்-சதர்ன், ஆல்-வெஸ்டர்ன்: இந்த வட்டார அணிகளை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

டாலஸ் தம்பி

வணக்கம் மக்களே. ஆறு வருஷமாகக் கல்லூரிக் கால்பந்து பார்க்கிறேன். (உருண்டைப் பந்து இல்லை, இந்த ஊர் முட்டைப் பந்து.) ஆட்டம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பட்டியல்கள்தான் பிடிபட மாட்டேன் என்கின்றன.

2024 ஆல்-ஏசிசி முதல் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசிசி என்றால் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், கல்லூரி அணிகளின் ஒரு கூட்டமைப்பு. 'ஆல்' அணி களத்தில் ஆடுவதில்லை, சீசனின் சிறந்த வீரர்களை இடம் வாரியாக எழுதும் பட்டியல். அதில் முதல் தரம்தான் 'முதல் அணி'. கார்னர்பேக் இடத்தில் நோல் வில்லியம்ஸ். அந்த சீசனில் 7 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது), நாட்டிலேயே அதிகம். ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஆடிய 'கால்' (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் மைதானம் இருப்பது பெர்க்லியில். மேல் படிக்கட்டில் உட்கார்ந்தால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா தெரியும். அட்லாண்டிக் எங்கே, பெர்க்லி எங்கே?

சரி, இது டிவி பணத்தால் வந்த கூத்து என்று விட்டுவிடலாம். பழைய வீரர்களின் பக்கங்களைத் திறந்தால் அதைவிடக் குழப்பம். 'ஆல்-சதர்ன்', 'ஆல்-வெஸ்டர்ன்', 'ஆல்-ஈஸ்டர்ன்', 'ஆல்-பசிபிக் கோஸ்ட்' என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஷிகாகோ ஆள் 'வெஸ்டர்ன்' என்கிறார்கள். ஷிகாகோ மேற்கா? இதையெல்லாம் யார் தேர்ந்தெடுத்தார்கள்? அரசு முத்திரை மாதிரி ஏதாவது அதிகாரபூர்வப் பட்டியல் உண்டா?

நாஷ்வில் நண்டு

தம்பி, முத்திரையெல்லாம் கிடையாது. பேனாவும் பத்திரிகையில் கொஞ்சம் இடமும் இருந்தவர்கள் எல்லாரும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே வருஷத்துக்கு நான்கைந்து ஆல்-சதர்ன் அணிகள் இருக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

கதை 1889இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் முதல் ஆல்-அமெரிக்கா அணி காஸ்பர் விட்னியின் பத்திரிகையில் வந்தது, வால்டர் கேம்ப்பும் (இந்த ஆட்டத்தின் விதிகளை உருவாக்கிய யேல் ஆள்) அதில் கூட்டு. பதினொரு பேர். பிரின்ஸ்டன் 5, யேல் 3, ஹார்வர்டு 3. முடிந்தது அமெரிக்கா. பெயர்தான் 'ஆல்-அமெரிக்கா', நிஜத்தில் மூன்று கல்லூரி. 1891இல்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஜான் ஆடம்ஸ் என்ற சென்டர் (வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் தரும் ஆள்) அந்த வேலியைத் தாண்டினார். அதுவும் ஃபிலடெல்பியா, பக்கத்து வீடு மாதிரி.

கேம்ப்பைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் முழுநேரப் பத்திரிகைக்காரர் இல்லை. நியூ ஹேவனில் ஒரு கடிகாரக் கம்பெனி நடத்தினார். ஆட்டம் நடப்பது சனிக்கிழமை மட்டும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு ஆட்டம், சீசன் முழுக்கப் பார்த்தாலும் பத்துப் பதினொன்றைத் தாண்டாது. வீடியோ இல்லை, ரேடியோ இல்லை. மற்றதெல்லாம் நண்பர்கள் எழுதும் கடிதத்தையும் தந்தியையும் நம்பித்தான். ஆக, அவர் ஏறின ரயில் போன தூரம்தான் அவருடைய அமெரிக்கா.

மிச்ச ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். 'எங்கள் பையனைப் பார்க்க நீ வரப்போவதில்லை, நாங்களே ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறோம்' என்று இறங்கினார்கள். வட்டார அணிகள் அப்படி வந்தவைதான்.

ஷிகாகோ விஷயம்: அந்தக் காலத்தில் அலகெனி மலையைத் தாண்டினாலே மேற்குதான். இன்றைய பிக் டென் கான்ஃபரன்ஸ் 1896இல் தொடங்கியபோது எல்லாரும் அதை 'வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்' என்றுதான் சொன்னார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இன்னும் ஷிகாகோவை ஒட்டித்தான் இருக்கிறது, அதற்கு வடமேற்கில் கண்ணுக்கெட்டிய தூரம் அமெரிக்கா பாக்கி கிடக்கிறது.

புள்ளிவிவரப் பூனை

நண்டு அண்ணன் சொல்வது சரி, ஆனால் கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொல்கிறார். வட்டார அணி என்பது சுயமரியாதைக் கதை மட்டும் இல்லை, இரண்டாம் வகுப்பு டிக்கெட்டும்கூட. 'உனக்கு ஆல்-வெஸ்டர்ன் கொடுத்தாச்சு, ஆல்-அமெரிக்கா எதற்கு?' என்று ஓரங்கட்ட அது வசதியாக இருந்தது.

மேற்கிலிருந்து கேம்ப்பின் முதல் அணிக்குள் வந்த முதல் ஆள் ஷிகாகோவின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர். வருஷம் 1898. ஒன்பது வருஷம் காத்திருப்பு. தெற்கு இன்னும் பாவம். கென்டக்கியில் டான்வில் என்ற சின்ன ஊரில் சென்டர் காலேஜ் என்று ஒரு குட்டிக் கல்லூரி. அங்கிருந்து போ மெக்மில்லினையும் வீவரையும் 1919இல் கேம்ப் முதல் அணியில் எடுத்தபோது ஊரே ஆச்சரியப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1921 அக்டோபர் 29 அன்று, அதே மெக்மில்லின் ஹார்வர்டு மைதானத்துக்கே போய் ஒரு டச்டவுன் ஓடி (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்) 6-0 என்று ஹார்வர்டைச் சாய்த்தார். ஆக, கேம்ப் அந்தத் தடவை சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

என் வாதம் இதுதான்: வட்டாரப் பட்டியல்களில் பாதி, உள்ளூர்க்காரர்கள் உள்ளூர்க்காரர்களுக்குச் சூட்டிக்கொண்ட மாலை. அதைப் பதக்கமாக எண்ணக் கூடாது.

நாஷ்வில் நண்டு

> உள்ளூர்க்காரர்கள் உள்ளூர்க்காரர்களுக்குச் சூட்டிக்கொண்ட மாலை

அப்படியா? அப்போது செவானியை என்ன செய்வாய் பூனை?

தெரியாதவர்களுக்கு: டென்னசி மலைமேல் ஒரு குட்டிக் கல்லூரி. முழுப்பெயர் யுனிவர்சிட்டி ஆஃப் தி சவுத், எல்லாரும் கூப்பிடுவது செவானி. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். இலையுதிர் காலத்தில் ஒருமுறை போனேன். கல் கட்டடங்கள், தேவாலயக் கோபுரம், அடிவாரம் வரைக்கும் பனிமூட்டம். மைதானம் கையகலம். இங்கேயிருந்தா அந்த அணி கிளம்பியது என்று நம்பவே முடியவில்லை.

1899 நவம்பர். வியாழக்கிழமை 9ஆம் தேதி ஆஸ்டினில் டெக்சஸை 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம், 10-0. சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு, சாமி நாள் ஆயிற்றே. திங்கள் பேட்டன் ரூஜில் எல்எஸ்யு, 34-0. செவ்வாய் மெம்ஃபிஸில் ஓல் மிஸ், 12-0. ஆறு நாளில் ஐந்து வெற்றி, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த புள்ளி பூஜ்யம். இடையில் சுமார் 2,500 மைல் ரயில். ஆளை மாற்றும் வசதி பேருக்குத்தான். அடித்து, அடி வாங்கி, இரவில் பெட்டியில் சாய்ந்து தூங்கி, காலையில் இன்னொரு ஊரில் இறங்கி மறுபடியும் அடி. மலையிலிருந்து பீப்பாயில் ஊற்றுத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள்.

அந்த சீசன் முழுக்க 12 வெற்றி, தோல்வி இல்லை. எடுத்தது 322, கொடுத்தது 10. இவர்களில் யாராவது கேம்ப்பின் முதல் அணியில் வந்தார்களா? ஒருத்தரும் இல்லை. ஆல்-சதர்ன் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையன்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. இதை மாலை என்று சொல், பதக்கம் என்று சொல், எனக்குக் கவலை இல்லை. கணக்கு நோட்டு என்று நான் சொல்வேன்.

மூன்றாம் வரிசை

அந்த 10 புள்ளியையும் கொடுத்தது ஒரே ஆட்டத்தில்தானே அண்ணே? ஆபர்னோடு 11-10.

நாஷ்வில் நண்டு

அதேதான். ஆபர்ன் கோச் யார் தெரியுமா? ஜான் ஹைஸ்மன். இன்றைக்கு நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் கோப்பையாக நிற்கிறாரே, அவர். தோற்ற கையோடு நடுவரைக் குறை சொல்லிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

புள்ளிவிவரப் பூனை

நன்றி அண்ணே, என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். அதே ஹைஸ்மன் பிற்பாடு ஜார்ஜியா டெக்கில் கோச்சாக இருந்துகொண்டே ஆல்-சதர்ன் அணியும் தேர்ந்தெடுத்தார். சொந்த அணிப் பையன்களும் அந்தக் குவியலில் இருக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

வடக்கே இன்னொருத்தர், வால்டர் எக்கர்சால். ஷிகாகோவின் பெரிய குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்தும் ஆள்). ஆடி முடித்ததும் ஷிகாகோ ட்ரிப்யூனில் விளையாட்டு எழுத்தாளர் ஆனார். சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தில் நடுவர், அன்று இரவே அந்த ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை, சீசன் முடிந்ததும் ஆல்-வெஸ்டர்ன் பட்டியல். மூன்றும் ஒரே ஆள். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் இந்த இழையிலேயே ஆயிரம் பதிவு விழும்.

மூன்றாம் வரிசை

எனக்கு எக்கர்சால் பிடிக்கும், பூனை. கேம்ப் கடிதத்தை நம்பினார். இந்த ஆள் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தார். கார்டு (சென்டருக்குப் பக்கத்தில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஆள்) என்ன செய்கிறான் என்பது கேலரியிலிருந்து தெரியாது, நடுவருக்குத் தெரியும்.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. படிக்கும்போது இரண்டு வருஷம் ஒரு டிவிஷன் 2 (இரண்டாம் அடுக்கு) கல்லூரியில் விளையாட்டுத் தகவல் அலுவலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். டிவிஷன் 2இல் வட்டாரத் தேர்வு இன்னும் உயிரோடு இருக்கிறது. நாட்டை நான்கு சூப்பர் ரீஜியனாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியின் தகவல் அலுவலரும் ஓட்டுப் போடுவார். அதில் முதல் அணியில் வந்தால்தான் அடுத்தது ஆல்-அமெரிக்கா ஓட்டுச்சீட்டில் பெயர் ஏறும். நண்டு அண்ணன் காலத்து ஆல்-சதர்ன் மாதிரி ஆறுதல் பரிசு இல்லை, இதுதான் வாசல்.

நான் பார்த்த வேலை, எங்கள் வீரர்களைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புவது. ரன்னிங் பேக்குக்கு (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன்) எழுதுவது சுலபம்: இத்தனை யார்டு, இத்தனை டச்டவுன். எங்களிடம் ஒரு லெஃப்ட் கார்டு இருந்தான். அவன் பின்னால்தான் அந்த ரன்னிங் பேக் ஓடினான். அவனுக்கு என்ன எண் போடுவது? பந்தைத் தொட்டதே இல்லை. கடைசியில் கோச்சிடம் போய், 'எத்தனை பேரை மல்லாக்கத் தள்ளினான்?' என்று கேட்டேன். இந்த ஊரில் அதற்குப் பான்கேக் என்று பெயர், ஆளைத் தோசை மாதிரி திருப்பிப் போடுவது. கோச் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொன்னார். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்த்து எண்ணினேன். அவர் சொன்னதில் பாதிதான் வந்தது. அந்தப் பாதியே பிரமாதமான எண் என்பது வேறு விஷயம்.

நான் என் எண்ணைத்தான் எழுதினேன். மற்ற கல்லூரிகள் என்ன எண்ணை எழுதியிருப்பார்கள் என்று யோசித்தால் இன்னும் வயிறு எரிகிறது. அது போதாதென்று, எங்கள் அலுவலகத்தில் கடைசி நாளை ஒரு நாள் தள்ளிக் குறித்து வைத்திருந்தார்கள். படிவம் போய்ச் சேரவே இல்லை. அந்தப் பையனிடம் நான் இதைச் சொல்லவில்லை. இன்று வரைக்கும் ஓட்டில் தோற்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டாலஸ் தம்பி

ஐயோ. சொல்லியிருக்கலாமே அண்ணே.

மூன்றாம் வரிசை

என்னவென்று சொல்வது தம்பி?

பே ஏரியா அக்கா

தெற்கு, ஷிகாகோ என்றே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? மேற்குக் கரைக்கு வாருங்கள்.

எங்கள் பக்கம் ஆல்-பசிபிக் கோஸ்ட் பட்டியல்களில் கால், ஸ்டான்ஃபோர்டு பெயர்களே இல்லாமல் ஒரு நீண்ட இடைவெளி இருக்கும். ஏன் தெரியுமா? 1905இல் நாடு முழுக்க ஆட்டத்தில் பையன்கள் செத்துப்போய்ப் பெரிய ரகளை. கிழக்கே விதியைத் திருத்தினார்கள். கால், ஸ்டான்ஃபோர்டு இரண்டும் 1906இல் ஆட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு ரக்பிக்கு மாறின. கால் திரும்பி வந்தது 1915இல், ஸ்டான்ஃபோர்டு அதற்கும் பிறகு. இல்லாத ஆட்டத்துக்கு எப்படி ஆள் எடுப்பது? (ரக்பியும் வீண்போகவில்லை. 1920, 1924 ஒலிம்பிக்கில் அமெரிக்கா ரக்பித் தங்கம் வென்றது, அணியில் இந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் நிறைய.)

அப்புறம், பட்டியல்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். பட்டியலை மைதானத்தில் இறக்கிப் பார்த்ததே சான் பிரான்சிஸ்கோவில்தான். 1925 டிசம்பர் 26, ஈவிங் ஃபீல்டு, முதல் கிழக்கு-மேற்கு ஷ்ரைன் ஆட்டம். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டத்தான் ஏற்பாடு. மேற்கு 6-0. வாதாடிக்கொண்டே இருக்காமல், இரண்டு வட்டாரத்தையும் எதிரெதிரே நிறுத்து, முடிந்தது பிரச்சினை!

புள்ளிவிவரப் பூனை

அக்கா, அடுத்த வாரமே என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். 1926 ஜனவரி 1, ரோஸ் பவுல் (கலிஃபோர்னியாவில் நடக்கும் புத்தாண்டு ஆட்டம்), அலபாமா 20 வாஷிங்டன் 19. தெற்கிலிருந்து ஒரு அணி அங்கே போனது அதுதான் முதல் தடவை. 'இவர்களுக்கு என்ன தெரியும்' என்றவர்கள் வாயை மூடிய நாள்.

பே ஏரியா அக்கா

சொல்கிறேன். வாஷிங்டனின் ஜார்ஜ் வில்சன் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அலபாமா அந்த 20 புள்ளியையும் எடுத்தது. அவர் களத்தில் இருந்தபோது ஒன்றும் எடுக்கவில்லை. அதையும் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாஷ்வில் நண்டு

நூறு வருஷமாக இதே சாக்கு :) சரி, எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஆல்-சதர்னைப் பற்றி இவ்வளவு பெருமை பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் தப்பு. அந்த 'ஆல்' என்ற சொல்லுக்குள் கறுப்பின வீரர்கள் யாருமே கிடையாது. தெற்கில் அவர்களுடைய கல்லூரிகள் வேறு, ஆட்டங்கள் வேறு, பத்திரிகைகள் வேறு. நாஷ்வில்லில் ஃபிஸ்க், டென்னசி ஸ்டேட் இரண்டும் வாண்டர்பில்ட்டுக்கு நான்கைந்து மைலுக்குள் இருக்கின்றன. ஆனால் வாண்டர்பில்ட் பையனைப் பார்த்த ஆல்-சதர்ன் எழுத்தாளர் அந்த நான்கு மைலைக் கடக்கவில்லை. கேம்ப்புக்காவது ரயில் தூரம் என்று சொல்லலாம், இதற்கு என்ன சொல்வது? அந்தக் கல்லூரிகளுக்கு 1920களில் பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகை தனியாக ஆல்-அமெரிக்கா அணி போட ஆரம்பித்தது. அதாவது நியூ ஹேவன் பார்க்காததைத் தெற்குப் பத்திரிகைகள் பார்த்தன, தெற்கு பார்க்க மறுத்ததைப் பிட்ஸ்பர்க் பார்த்தது.

வடக்கும் ஒன்றும் உத்தமம் இல்லை. 1934 அக்டோபரில் ஜார்ஜியா டெக் மிஷிகனுக்கு ஆடப் போனது. எதிரில் கறுப்பின வீரர் இருந்தால் ஆட மாட்டோம் என்றார்கள். மிஷிகன் தன் சொந்த மைதானத்திலேயே வில்லிஸ் வார்டை உட்கார வைத்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு அந்த அணியில் சென்டர், வார்டின் நண்பர்.

மூன்றாம் வரிசை

மான்ட்கமரியில் நடந்த புளூ-கிரே ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1939இல் தொடங்கியது, வடக்கு எதிர் தெற்கு. பெயரே உள்நாட்டுப் போர்ச் சீருடை நிறம். நாட்டின் நல்ல வீரர்கள் என்று சொல்லிக்கொண்டு கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. 1963இல் என்பிசி தொலைக்காட்சி 'நாங்கள் ஒளிபரப்ப மாட்டோம்' என்று விலகியது. 1965இல் கதவு திறந்தது. பணம் போனால்தான் சிலருக்குக் கண் திறக்கும்.

டாலஸ் தம்பி

இதெல்லாம் தெரியாமலே ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இப்போதுதான் எல்லா ஆட்டமும் டிவியில் வருகிறதே. அப்புறமும் வட்டாரம் எதற்கு? ஹைஸ்மன் ஓட்டைக்கூட வட்டார வாரியாகப் பிரிப்பதாக எங்கேயோ படித்தேன்.

புள்ளிவிவரப் பூனை

பிரிக்கிறார்கள். ஆறு வட்டாரம், ஒவ்வொன்றுக்கும் 145 பத்திரிகைக்காரர்கள், மொத்தம் 870. அதுபோக முன்னாள் வெற்றியாளர்களும் ஓட்டுப் போடுவார்கள், ரசிகர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. அந்தக் கோப்பையே வட்டாரக் கோப்பையாகப் பிறந்ததுதான். 1935இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் அதை முதலில் கொடுத்தபோது மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஆடியவர்களுக்கு மட்டும்தான். ஷிகாகோவின் ஜே பெர்வாங்கர் வாங்கினார். மறு வருஷம் ஹைஸ்மன் இறந்ததும் அவர் பெயரை வைத்தார்கள், நாடு முழுக்க விரித்தார்கள். விரித்தும் மேற்குக் கரைக்கு முதல் கோப்பை போனது எப்போது தெரியுமா? 1962, ஆரிகன் ஸ்டேட்டின் டெரி பேக்கர்.

ஆறு வட்டாரத்துக்கும் சம ஓட்டு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் சமமாகப் பரவியா இருக்கிறார்கள்?

பே ஏரியா அக்கா

சம ஓட்டு இருந்தும் 2015இல் என்ன ஆனது? ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அந்த சீசனில் எல்லா வகையிலும் சேர்த்து 3,864 யார்டு எடுத்தார். 1988இல் பேரி சாண்டர்ஸ் எடுத்த 3,250தான் அதுவரை சாதனை. சும்மா தொட்டுவிட்டுப் போகவில்லை, அறுநூறு யார்டு தாண்டி உடைத்தார். கோப்பை அலபாமாவின் டெரிக் ஹென்றிக்கு. ஹென்றி மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஏழரைக்கு ஆட்டம் ஆரம்பித்தால் நியூயார்க்கில் மணி பத்தரை. இரண்டாம் பாதி வருவதற்குள் அங்கே நாள் மாறிவிடும். ஓட்டுப் போடுகிறவர் காலையில் எழுந்து இரண்டு நிமிஷத் துண்டு வீடியோ பார்ப்பார். கேம்ப்புக்குத் தந்தி வந்தது, இவர்களுக்கு அது வருகிறது.

நாஷ்வில் நண்டு

அக்கா சொன்னதில் கடைசி வரிக்கு என் ஓட்டு. முழுசாக 145.

தம்பியின் முதல் கேள்விக்கும் வந்துவிடுகிறேன். வட்டாரப் பெயர்கள் எல்லாம் இப்போது கம்பெனிப் பெயர் மாதிரி. பிக் டென்னில் 18 அணி. ஹுலா பவுல் என்ற நட்சத்திர ஆட்டம் ஹவாயில் 1947இல் பிறந்தது, 2022இல் புளோரிடாவுக்குக் குடிபோய்விட்டது. சீனியர் பவுல் என்ற இன்னொரு நட்சத்திர ஆட்டத்தில் வடக்கு-தெற்கு என்ற பெயரையே எடுத்துவிட்டு அமெரிக்கன், நேஷனல் என்கிறார்கள். அதனால் ஆல்-ஏசிசி பட்டியலில் பெர்க்லிக்காரர் இருந்தால், அந்தக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் அவரை எதிர்த்து ஆடியவர்களும் எழுதியவர்களும் பார்த்து எடுத்தார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள். பழைய பட்டியலைப் பார்த்தால் யார் தேர்ந்தெடுத்தது, எந்த ஊர்ப் பத்திரிகை என்று முதலில் பார். வீரர் பெயர் அப்புறம்.

புள்ளிவிவரப் பூனை

இன்னொன்று. அண்ணன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய செவானி 1932இல் எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) உருவானபோது அதில் நிறுவன உறுப்பினர். எஸ்இசி ஆட்டங்களில் அவர்கள் கணக்கு: வெற்றி 0, தோல்வி 37. அப்புறம் 1940இல் விலகிக்கொண்டார்கள். சும்மா சொல்லி வைத்தேன்.

நாஷ்வில் நண்டு

தெரியும் பூனை. தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

டாலஸ் தம்பி

எல்லாருக்கும் நன்றி. இன்று ராத்திரி கால் ஆட்டம் இருக்கிறது, எங்கள் நேரம் ஒன்பதரைக்கு. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மூன்றாம் வரிசை அண்ணே, லெஃப்ட் கார்டு என்றால் சென்டருக்கு எந்தப் பக்கம்? டிவியில் பார்க்கும்போது திசை மாறி மாறிக் குழம்புகிறது.

மூன்றாம் வரிசை

நீ அந்த அணிக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள். சென்டருக்கு இடது கைப்பக்கம் முதல் ஆள். பந்தைப் பார்க்காதே, மூன்று நொடி அவனையே பார்.